உங்கள் தெரு 1955இல் ஏரியாக இருந்ததா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "வாங்கி என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, மின்சாரக் கட்டணம், ரயில் டிக்கெட், ராத்திரியில் ஒரு சினிமா என்று நாலைந்து பதில்களுக்குள் அடங்கிவிடும். தவறு ஒன்றும் இல்லை. அதற்குத்தான் வாங்குகிறோம். ஆனால் இதே கம்ப்யூட்டரில், ஒரு பைசா செலவில்லாமல், நீங்கள் குடியிருக்கும் ஊர் எழுபது ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்று பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வேடிக்கை மட்டும் அல்ல என்பது என் கருத்து. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மனையோ பிளாட்டோ வாங்க நினைப்பவர்கள், வில்லங்கச் சான்று வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

என்ன வரைபடம், எங்கே கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பெரி-காஸ்டனேடா என்று ஒரு நூலகம் இருக்கிறது. அங்குள்ள வரைபடங்களை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்துகொள்ளலாம். பெயர் பதிய வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். அதில் இந்தியா, பாகிஸ்தான் பகுதிகளுக்கு 'யூ 502' என்று ஒரு வரிசை உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ஆர்மி மேப் சர்வீஸ் என்ற பிரிவு 1950களில் தயாரித்த வரிசை இது. தேடுபொறியில் நூலகத்தின் பெயரையும் 'யூ 502' என்பதையும் ஆங்கிலத்தில் அடித்தாலே பக்கம் வந்துவிடும். நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாள் என்று பட்டியலிட்டிருப்பார்கள். மெட்ராஸ் என்ற பெயருள்ள தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சில எம்.பி. அளவுள்ள ஜேபெக் பைல். சாதாரண இணைப்பிலேயே இறங்கிவிடும்.

அமெரிக்கர்களுக்கு நம் ஊர் வரைபடம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆர்மி மேப் சர்வீஸ் தொடங்கப்பட்டது 1942இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. போர் முடிந்து பனிப்போர் தொடங்கியதும் வேலை இன்னும் பெருகியது. உலகின் எந்த மூலைக்குப் போக நேர்ந்தாலும் கையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்காக இங்கே வந்து யாரும் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. நம் சர்வே ஆப் இந்தியா ஏற்கெனவே அளந்து அச்சிட்டிருந்த தாள்களை மூலமாக வைத்துக்கொண்டு, தங்கள் முறைப்படி திரும்ப வரைந்தார்கள். எந்த மூலம் என்பது தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆக, உழைப்பு நம் ஊர் சர்வேயர்களுடையது. அது கடல் கடந்து போய், படமாகி, இன்டர்நெட் வழியாக நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

பைலைத் திறந்ததும் சிலருக்கு ஏமாற்றம் வரும். தெருக்களைத் தேடுவார்கள். தெருக்கள் இருக்காது. இதன் அளவு 1:2,50,000. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரை கிலோமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்பது 250 மீட்டர். மயிலாப்பூர் மாட வீதிகளை இதில் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியது வேறு. ரயில் பாதை, பெரிய சாலை, ஆறு, கால்வாய், கிராமம், இவற்றுக்கெல்லாம் மேலாக நீலம். செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று இந்தத் தாளைப் பார்த்தால் யாரும் விளக்காமலே புரியும். மை தெளித்த மாதிரி எங்கே பார்த்தாலும் நீலத் திட்டுகள். சில அரிசி அளவு, சில கட்டைவிரல் நகம் அளவு. புழலும் செம்பரம்பாக்கமும் கண்ணில் படும் பெரியவை. மற்றவற்றுக்குப் பெயர்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்போதைய நகரம் எவ்வளவு சின்னது என்பதும் பளிச்சென்று தெரியும். இன்று சென்னை மாநகராட்சியின் பரப்பு, 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு, 426 சதுர கிலோமீட்டர். 1950களின் மத்தியில் அண்ணா நகர் என்று ஓர் இடமே கிடையாது. நடுவக்கரை போன்ற கிராமங்கள் இருந்தன. 1968இல் அங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. இன்று பூங்காவில் நிற்கும் கோபுரம் அந்தக் கண்காட்சியின் மிச்சம். கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர் எல்லாம் பிறகு வந்தவை. தெற்கே வேளச்சேரியைத் தாண்டினால் வயலும் ஏரியும் சதுப்பும்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடங்களில் அன்று ஒன்றும் இல்லை.

இங்கே சும்மா ஒரு செய்தி. இந்திய நிலப்பரப்பையே அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802இல் தொடங்கியது இந்தப் பகுதியில்தான். வில்லியம் லாம்டன் பரங்கிமலையில் ஆரம்பித்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். நாட்டின் வரைபடத்துக்கெல்லாம் முதல் கோடு போட்ட இடம் அது. இன்று அந்தக் கோட்டின் வழியில் நடந்து போக முயன்றால் எத்தனை காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிக்க வேண்டுமோ!

நான் இந்த விஷயத்தில் இறங்கியதற்குக் காரணம் என் தங்கையின் கணவர். தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் ஒரு கிரவுண்டு மனை பார்த்திருந்தார். பத்திரம் சரி, பட்டா சரி, வங்கிக் கடன் தயார். முன்பணம் கொடுக்கும் நாளும் குறித்தாகிவிட்டது. "மச்சான், இடத்தை கூகுள் எர்த்தில் ஒரு தடவை காட்டுங்கள், அம்மாவுக்குப் பார்க்க ஆசை" என்று வந்தார். காட்டினேன். நல்ல அகலமான சாலை, நாலைந்து வீடுகள், தென்னை மரங்கள். பார்ப்பதற்குக் குறையே இல்லை. நான் சும்மா இருக்காமல், அதற்கு முந்தின வாரம்தான் இறக்கி வைத்திருந்த பழைய தாளை அதன்மேல் போட்டேன். மனை இருந்த இடம் நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நீலத் திட்டின் ஓரத்துக்குள் விழுந்தது. அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள ஏரி.

அவருக்குக் கோபம்தான் வந்தது. "எழுபது வருஷத்துக்கு முந்தின படத்தை வைத்துக்கொண்டு நிலம் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், மேலே போடுவது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதியவர்களும் செய்யலாம். அரை மணி நேர வேலை.

முதலில் தாளில் உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். முழுத் தாளையும் ஏற்றினால் பழைய கம்ப்யூட்டர்கள் திணறும். இர்பான்வியூ என்ற புரோகிராம் வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதில் படத்தைத் திறந்து, மவுஸால் கட்டம் இழுத்து, 'எடிட்' மெனுவில் 'கிராப்' கொடுத்து, வேறு பெயரில் சேமியுங்கள். மூலப் பைலின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். அடுத்து, கூகுள் எர்த் ப்ரோ. ஒரு காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கட்டி வாங்க வேண்டிய புரோகிராம் இது. 2015 முதல் இலவசம். ப்ரௌசரில் திறக்கும் கூகுள் எர்த்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும் ப்ரோவைத்தான் சொல்கிறேன். அதில் உங்கள் ஊருக்குப் போய் நின்றுகொண்டு, 'ஆட்' மெனுவில் 'இமேஜ் ஓவர்லே' என்பதைத் தேர்ந்தெடுத்து, வெட்டிய படத்தைக் காட்டுங்கள். படம் பச்சைக் கோடுகளோடு நிலத்தின்மேல் வந்து உட்காரும். மூலையில் உள்ள பச்சைக் கோட்டைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும், சிறிதாகும். நடுவில் உள்ள கூட்டல் குறியைப் பிடித்தால் நகரும். மேலே 'டிரான்ஸ்பரன்சி' என்று ஒரு நழுவு பட்டை இருக்கும். அதை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் பழைய ஊர் மெல்ல மறைந்து புது ஊர் தெரியும், புது ஊர் மறைந்து பழைய ஊர் வரும். சிறு பிள்ளைகளிடம் மவுஸைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

எதை வைத்துப் பொருத்துவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கடற்கரையை வைத்துப் பொருத்தாதீர்கள். சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் போன பிறகு, தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே வந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது. கரை இருந்த இடத்தில் இல்லை. கூவம், அடையாறு முகத்துவாரங்களும் நகர்பவை. கலங்கரை விளக்கம் இன்னும் மோசம். இன்று மெரினாவில் நிற்பது 1977இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் விளக்கு எரிந்தது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில். பழைய வரைபடத்தில் உள்ள கலங்கரை விளக்கக் குறியை இன்றைய கலங்கரை விளக்கத்தோடு பொருத்தினால் ஊர் முழுவதும் ஐந்து கிலோமீட்டர் தெற்கே போய்விடும். ரயில் பாதைகள் பிரியும் இடங்கள், பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள், செம்பரம்பாக்கம் போன்ற பெரிய ஏரிகளின் கரை, இவைதான் நம்பிக்கையானவை. மூன்று இடங்களாவது ஒத்துப்போன பிறகுதான் மற்றதைப் பாருங்கள்.

தாளின் ஓரத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே அடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். நம் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற கணக்கில் வரையப்பட்டவை. இன்றைய ஜி.பி.எஸ். வேறு கணக்கு. இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். கண்ணால் பார்த்துப் பொருத்துவதே வீட்டு உபயோகத்துக்குப் போதும். இன்னும் துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், புதியவர்கள் அவசரப்பட வேண்டாம்.

இப்போது மைத்துனரின் கேள்விக்கு வருவோம். எழுபது வருஷத்துக்கு முந்தின படத்தை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவுக்குத்தான். முதல் காரணம், தாளில் 1955 என்று இருந்தால் அது 1955இன் புகைப்படம் அல்ல. அடிப்படை அளவைப் பணி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும். அந்த இடைவெளியில் ஓர் ஏரி காணாமல் போயிருக்கலாம், ஒரு சாலை வந்திருக்கலாம். இரண்டாவது, நீலம் என்றால் ஆண்டு முழுவதும் தண்ணீர் என்று பொருள் இல்லை. நம் ஏரிகள் மழைக்கு நிறைந்து கோடைக்குக் காய்பவை. காய்ந்த பகுதியில் பயிர் வைப்பதும் உண்டு. மூன்றாவதுதான் முக்கியம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. பக்கத்துக்குப் பதினைந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்தத் தாளில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வரைபடத்தில் போட்ட கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். ஆகவே 'இந்த மனை ஏரிக்குள் இருக்கிறது' என்று இந்தப் படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'இந்த வட்டாரத்தில் ஓர் ஏரி இருந்தது, விசாரியுங்கள்' என்று மட்டும் சொல்லலாம்.

நாங்கள் விசாரித்தோம். ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்கப் போனபோது முக்கில் இருந்த டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "ஏரியா? நீங்கள் நிற்பதே ஏரிதான் தம்பி" என்றார். மனைக்கு முந்நூறு அடி தள்ளி, புதர் மண்டிக் கிடந்த ஒரு கருங்கல் கட்டைக் காட்டினார். ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்து போவதற்கான கலங்கல். அதன் எதிர்ப்பக்கம் கால்வாய் இருக்க வேண்டும். அங்கே ஒரு திருமண மண்டபம் இருந்தது.

இத்தனைக்கும் ஆவணங்களில் பிழை இல்லை. தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து 'அ' பதிவேட்டைப் பார்த்தோம். ஏரிப் புறம்போக்கு என்றோ நீர்நிலை என்றோ வரவில்லை. பட்டா நிலம் என்றே வந்தது. ஏரியின் ஓரத்தில், தண்ணீர் குறையும்போது வெளியே தெரியும் நிலமாக இருந்திருக்க வேண்டும். சட்டப்படி வாங்கலாம், கட்டலாம். இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்கிறேன். நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதைப் பட்டா சொல்லாது. அதற்கு நிலத்தின் பழைய முகம் தெரிய வேண்டும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த இரவில் முதல் மாடிக்கு ஏறி நின்றவர்களில் பெரும்பாலோர் கையில் குற்றமில்லாத பத்திரம் இருந்தது.

மைத்துனர் அந்த மனையை வாங்கவில்லை. வேறு பக்கம், மேட்டில், அதே பணத்துக்குச் சின்னதாக ஒன்று வாங்கினார். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று இன்றுவரை என்னிடம்தான் குறை சொல்கிறார்.

நகரத்துக்குள் வீடு இருப்பவர்கள் இதெல்லாம் புறநகர்க்காரர்கள் கவலை என்று நினைக்க வேண்டாம். தியாகராய நகர் எதன்மேல் நிற்கிறது? மாம்பலத்திலும் நுங்கம்பாக்கத்திலும் பரவிக் கிடந்த நீண்ட ஏரியை 1923இல் வடித்து, அந்த நிலத்தில் மனை பிரித்து உருவாக்கியது அது. வடக்கே எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரிப் பரப்பில்தான் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. கரையில் வண்டி ஓட்டுகிறோம், ஏரியைக் காணோம். பெயர்ப் பலகை எழுதுபவர்கள் வரைபடம் வரைபவர்களைவிட நேர்மையானவர்கள் என்று எனக்குத் தோன்றும். உங்கள் ஊர்ப் பெயரில் ஏரி, குளம், தாங்கல் என்று எது இருந்தாலும் பழைய தாளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாங்கல் என்றால் சிறிய நீர்நிலை. பழவந்தாங்கலில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்பவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

பள்ளிக்கரணையைச் சொல்லாமல் விட முடியாது. தென்சென்னையின் பல ஏரிகளில் இருந்து வழியும் தண்ணீர் வந்து சேர்ந்து, பிறகு மெல்லக் கடலுக்குப் போகும் சதுப்பு அது. குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், நிறுவனங்கள் கட்டினோம், கடைசியில் 2022இல் மிச்சத்தை ராம்சர் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கிறோம். பட்டியலில் உள்ளது சுமார் 1,248 ஹெக்டேர். கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரம் போன்ற ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் ஆண்டு வாரியாக வரும். சென்னைக்குப் பெரும்பாலும் 2000க்குப் பிந்தையவைதான். ஆனாலும் அந்த இருபது சொச்சம் ஆண்டுகளே போதும், சதுப்பின் ஓரங்கள் எப்படித் தின்னப்பட்டன என்று பார்க்க. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளுக்குத்தான் காகித வரைபடம் வேண்டியிருக்கிறது.

இனி என் மனக்குறை. நம் ஊர் ஏரி எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்ள நான் ஏன் டெக்சாஸ் போக வேண்டும்?

சர்வே ஆப் இந்தியா 1767இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய அளவைத் துறைகளில் ஒன்று. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அவர்கள் அச்சிட்ட தாள்களில், அமெரிக்கத் தாளைவிட நான்கு மடங்கு நீள அகலத்தில் ஊர் தெரியும். மைத்துனரின் மனை விவகாரத்தை அதில் பார்த்திருந்தால் டீக்கடைப் பெரியவரைத் தேட வேண்டியிருந்திருக்காது. ஆனால் நெடுங்காலம் வரைபடம் என்றாலே ராணுவ ரகசியம் என்ற எண்ணம் இங்கே இருந்தது. கடற்கரை ஓரப் பகுதிகளின் தாள்கள் கட்டுப்பாட்டில் இருந்தன. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, மக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2017இல் மக்களுக்கான வரிசையை இன்டர்நெட்டில் பி.டி.எப். ஆகப் பெற வழி செய்தார்கள், அதற்கும் ஆதார் எண் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் விதிகள் நன்றாகத் தளர்ந்தன. இவை நல்ல மாற்றங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு முழுவதும் புதிய வரைபடங்களைப் பற்றியே இருக்கிறது. பழைய பதிப்புகள்? 1930, 1940, 1950களின் அங்குலத் தாள்களை ஸ்கேன் செய்து, ஊர்ப் பெயரை அடித்தால் வருகிற மாதிரி வைப்பதில் என்ன ரகசியம் கெட்டுப்போகும்? பாதுகாப்பு என்ற வாதம் எனக்குப் புரியவே இல்லை. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று நினைத்தோமோ, அவர்கள் 1950களிலேயே எல்லாவற்றையும் வரைந்து வைத்துக்கொண்டார்கள். தெரியாமல் போனது உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான்.

பிற நாடுகளில் எப்படி என்று பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களுக்கு ஐம்பது ஆண்டுகள்தான் காப்புரிமை. அதைத் தாண்டியவற்றை அந்த நூலகம் ஸ்கேன் செய்து வரிசையாக ஏற்றி வைத்திருக்கிறது. திரையை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் பழைய வரைபடம், வலது பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம். ஒரு பக்கம் மவுஸை நகர்த்தினால் மறுபக்கமும் கூடவே நகரும். 1950களின் லண்டன் தாள்களில் வீட்டு எண்கள்கூடத் தெரியும். குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களை 'இடிபாடு' என்றே குறித்திருப்பார்கள். போரின்போது லண்டன் மாநகர நிர்வாகம் வீடு வீடாகச் சேதத்தைக் கணக்கெடுத்து, முழுதும் அழிந்ததற்குக் கறுப்பு, சரிசெய்ய முடியாததற்கு ஊதா, சின்னச் சேதத்துக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டிய வரைபடங்களும் இன்று பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கின்றன. தங்களுக்கு நேர்ந்த அழிவையே வண்ணம் தீட்டிக் காட்டுகிறார்கள். நாம் ஏரியைக் காட்டத் தயங்குகிறோம்.

நம் பக்கமும் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 2015 முதல் 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் பழைய ஆவணங்களை ஏற்றி வருகிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் இவை ஆராய்ச்சியாளர்களுக்குப் பழக்கமான இடங்கள். நேற்று கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு பள்ளி ஆசிரியர் தன் கிராமத்தின் பழைய ஏரியைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் நான் வைக்கும் அளவுகோல். பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் வீட்டில் இருந்தே பார்க்க வழி செய்த அரசுக்கு, அதே பக்கத்தில் 'இந்த சர்வே எண் பழைய வரைபடத்தில் எப்படி இருந்தது' என்று ஒரு பட்டன் சேர்ப்பது முடியாத காரியம் அல்ல. அந்தப் பட்டன் வந்தால் பல 'நகர்'களின் விலை இறங்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

அது வரும்வரை டெக்சாஸ்தான் கதி. இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பலர் வரைபடப் பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு ஓரங்களைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எந்த ஆண்டு, எந்த மூலத்தில் இருந்து, என்ன அளவு என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அது இல்லாத வரைபடம் தேதி இல்லாத கடிதம் மாதிரி. அப்படி ஓரம் இழந்த நகர வரைபடம் ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் உள்ளே இருப்பதை வைத்து ஆண்டை ஊகிக்கலாம். சென்னையில் டிராம் ஓடுவது நின்றது 1953இல். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது 1955இல். கிண்டியில் ஐ.ஐ.டி. 1959இல். ஜெமினி மேம்பாலம் 1973இல். தொழிற்சாலை இருந்து ஐ.ஐ.டி. இல்லை என்றால் இடைப்பட்ட நாலு ஆண்டுக்குள் வந்துவிட்டீர்கள்.

முழுத் தாளையும் ஒரு போல்டரில் அப்படியே வைத்துவிட்டு, நகல் எடுத்து அதை வெட்டுங்கள். பைலின் பெயரில் ஊரும் ஆண்டும் அளவும் இருக்கட்டும். முடிந்தால் உங்கள் ஊர்ப் பகுதியை ஏ4 தாளில் பெரிதாக்கி ஒரு பிரிண்ட் எடுங்கள். வீட்டில் எழுபத்தைந்து, எண்பது வயதில் யாராவது இருந்தால் கண்ணாடியோடு அவர்கள் கையில் கொடுங்கள். திரையில் காட்டினால் அவர்களுக்குப் பிடிபடாது, காகிதமாக இருந்தால் விரலை வைத்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை அந்தத் தாளிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பெயர் போடாத ஏரிகளுக்கெல்லாம் அவர்களிடம் பெயர் இருக்கும்.